முடியாத கேமும் பூசாத சுவரும்

தம்பி,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டு ஆரம்பிக்கலாம்தான். நீ எப்படியும் "ம்" என்றுதான் சொல்வாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நானுஓயா ஸ்டேஷன் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் கணக்கு எழுதுகிற கொப்பியை வைத்து இதை எழுதுகிறேன். நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக வேண்டிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கொழும்பு ரயிலில் வருகிறது. ரயில் லேட். எவ்வளவு லேட் என்று ஸ்டேஷன்காரர்களுக்கே தெரியவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் நீ "சரிப்பா", "பாக்கலாம்ப்பா" இரண்டையும் தாண்ட மாட்டாய். எனக்குச் சூடு ஏறிவிடும். உன் அம்மா பக்கத்தில் நின்று, "கத்தாதீங்க, புள்ள பயந்துருவான்" என்பாள். எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது. எழுதியதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். என் கையெழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் படி.

நேற்று நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜில் இரண்டு சங்கதி இருந்தது. தை மாசம் வைத்திருக்கிற உன் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி நான் தர்ஷினி வீட்டில் போய்ப் பேச வேண்டும் என்பது ஒன்று. "வீடும் முடியலப்பா, வேலையும் பெர்மனன்ட் ஆகல, நானும் இன்னும் ஒரு ஆளா ஆகல. எல்லாம் முடியட்டும்" என்றாய். சொல்லிவிட்டு மூச்சுக்கூட வாங்கவில்லை, உடனே அடுத்தது. "அப்பா, மலை ரோட்டுல லொறி ஓட்டுற புது கேம் ஒண்ணு வந்திருக்கு. இன்னும் செஞ்சு முடிக்கல, ஏர்லி அக்சஸ்ல விக்கிறாங்க. உங்களுக்கு வாங்கி அனுப்பவா, இல்ல முடியட்டும்னு பொறுப்போமா?" அடப்பாவி, கல்யாணத்தையும் கேமையும் ஒரே மூச்சில் கேட்கிற பிள்ளையை இந்த மலைநாட்டில் நான் ஒருத்தன்தான் பெற்றிருப்பேன். உன் அம்மா முதல் பாதியைக் கேட்டு அழுதாள், இரண்டாம் பாதியைக் கேட்டு உன்னைத் திட்டினாள். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

சரி, கேம் விஷயத்தை முதலில் பேசுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தைத் தந்ததும் நீதான். கொழும்புக்குப் போகுமுன் ஹட்டன் போன் கடையில் நீ வேலை பார்த்த காலத்தில் ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாய். "அப்பா, இது பஸ் ஓட்டுற கேம். செய்றவங்க இன்னும் செஞ்சுகிட்டே இருக்காங்க. செஞ்ச வரைக்கும் இப்பவே வாங்கி விளையாடலாம், மிச்சம் வர வர நமக்கு வந்துரும்" என்றாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாதி தைத்த சட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு, மற்றக் கைக்காகக் காத்திருப்பார்களா என்று கேட்டேன். நீ திரையில் சாவியைத் திருப்பினாய். பஸ் உறுமியது. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பகலெல்லாம் வளைவு வளைவாக வேன் ஓட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டுக்கு வந்தும் வளைவில் பஸ் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும்? உன் அம்மா சொன்னாள், "இந்த மனுசனுக்கு விடிஞ்சாலும் ரோடு, பொழுது போனாலும் ரோடு. சோறையும் ரோட்டுலயே போடுறேன்."

அந்தக் கேம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பிரயாணிகளுக்கு முகமே இல்லை, முட்டை மாதிரி மழமழவென்று தலை மட்டும். மழை பெய்தால் பஸ்ஸுக்குள்ளேயும் பெய்தது. பெரிய பாலம் ஒன்றைத் தாண்டினால் ரோடு சட்டென்று நின்றுவிடும். அந்தப் பக்கம் வெறும் பனிமூட்டம், வேலை நடக்கிறது என்று ஒரு பலகை. நான் ஒவ்வொரு நாளும் பாலத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஒரு நாள் பார்த்தால் பிரயாணிகளுக்கு மூக்கு வந்திருந்தது. இன்னொரு நாள் ஒரு பொம்பளை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஹால்டில் நின்றாள். நாம் இருவரும் கத்திய கத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். முடிந்த பொருளை வாங்கினால் இந்தச் சந்தோஷம் கிடைக்காது, தம்பி. அது வளருகிறபோது நீயும் கூட இருக்கிறாய். உன் கண் முன்னால் அதற்கு மூக்கு முளைக்கிறது.

நம் சொல்லும் அதற்குள் போகிறது. ஹோர்ன் கதையை நான் ஸ்டேஷன் வேன்காரர்களிடம் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம் ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்போம், எதிரே வருகிறவனும் பதிலுக்கு அடிப்பான், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழி விடும். கேமில் இறங்குகிற லொறி எருமை மாதிரி நேரே வந்து மோதியது. "எந்தக் கழுதடா இவனுக்கு லைசன்ஸ் கொடுத்தது" என்று நான் போட்ட சத்தத்தை நீ அப்படியே இங்கிலீஷில் எழுதி, கழுதையை மட்டும் எடுத்துவிட்டு, செய்கிறவர்களுக்கு அனுப்பினாய். நன்றி என்று எழுதினார்கள். அடுத்த தடவை புதுசு வந்தபோது லொறி ஒதுங்கி நின்றது, தம்பி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஹோர்ன் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் எல்லா வண்டியும் ஓயாமல் அடித்தது. உன் அம்மா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

நல்லதை மட்டும் சொன்னால் நான் தரகன் ஆகிவிடுவேன். கெட்டதும் இருக்கிறது. பெரிய அப்டேட் ஒன்று வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குமே. நீ வேலைக்குப் போயிருந்தாய். திரையில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்தது. எனக்கு அவசரம், ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். பழைய விளையாட்டு இனிமேல் வேலை செய்யாது என்று எழுதியிருந்ததாம். நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த டிப்போ, பஸ், ரூட் எல்லாம் போயே போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "அவரோட பஸ்ஸெல்லாம் காணாமப் போச்சாம், சாப்பிடாமப் படுத்திருக்கார்" என்று சொல்லி வைக்க, கீழ் வீட்டு முத்தையா துக்கம் விசாரிக்க வந்துவிட்டான். "அண்ணே, பஸ் வாங்குனத சொல்லவே இல்லையே, எந்த ரூட்டுல ஓடிச்சு?" என்று கேட்டானே, அவனுக்கு என்ன விளக்கம் சொல்வது? முடியாத பொருளை வாங்கினால் இதையும் தாங்கித்தான் ஆக வேண்டும். செய்கிறவன் ஒரு சுவரை இடித்துக் கட்டும்போது நீ அதில் மாட்டிய படமும் சேர்ந்து விழும்.

அதைவிடப் பெரிய கெட்டது உன் தோட்டக் கேம். மலைச் சரிவில் ஒரு ஊரைக் கட்டுகிற கேம், உன் சம்பளத்தில் நீயே ஆசைப்பட்டு வாங்கியது. செய்தவர்கள் மாசா மாசம் எழுதினார்கள், ஆறு வருகிறது, திருவிழா வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது என்று. நீ எனக்கு வாசித்துக் காட்டுவாய். அப்புறம் எழுதுவது குறைந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆறு வரவில்லை, திருவிழா வரவில்லை. நீ வேலை விட்டு வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் திறந்து பார்ப்பாய், மூடிவிடுவாய். "விடு தம்பி, காசு போனாப் போகுது" என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "காசுக்கு இல்லப்பா. எங்களால முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குக் கோவமே வந்திருக்காது. கதவத் தட்டுறோம், உள்ள ஆள் இருக்கு, தொறக்க மாட்டேங்கிறாங்க." அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஆட்கள் என் கையில் கிடைத்திருந்தால் இரண்டு போட்டிருப்பேன்.

ஆகவே லொறிக் கேமுக்கு என் தீர்ப்பு இதுதான். இன்றைக்கு அதில் என்ன இருக்கிறதோ அது பிடித்தால் வாங்கி அனுப்பு. நாளைக்கு வரும் என்று அவர்கள் காட்டுகிற படத்துக்காக வாங்காதே. இன்னும் எவ்வளவு வேலை மிச்சம் என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. செய்கிறவர்கள் கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று பார். "இது உடஞ்சிருக்கு, இது நேரமாகும், இது எங்களால ஏலாது" என்று ஒளிக்காமல் எழுதுகிறவர்கள் என்றால் என்னை நம்பி வாங்கு. பெரிய பெரிய படமாகப் போட்டுவிட்டு ஆள் சத்தமே இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதே.

இனி மற்ற விஷயம். நிச்சயதார்த்தத்தன்று நீ சொன்னதை யோசித்துப் பார். "தைக்குள்ள வீட்டப் பூசி, டைல் போட்டு, முன்னுக்கு ஒரு ரூம் எடுத்து, வேலையும் பெர்மனன்ட் ஆகிரும் மாமா" என்று தர்ஷினியின் அப்பாவிடம் நீ அடுக்கினாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கோயில் மாடு மாதிரித் தலையாட்டினேன். கேமுக்குப் போடுவார்களே ட்ரெய்லர், அதுதான் அது. யாரும் உன்னிடம் டைல் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய், இப்போது நீயாக வெட்கப்படுகிறாய். சுவர் பூச வந்த மேசன் பாஸ் வேறு வேலைக்குப் போய்விட்டான், சீமெந்து விலை ஏறிவிட்டது, உன் கடை முதலாளி அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று இழுக்கிறார். இதெல்லாம் உன் குற்றமா? சொன்னபடி நடக்கவில்லை என்றதும் கொழும்பில் ஒரு அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாயே, அதுதான் குற்றம். தர்ஷினி கோல் பண்ணினால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். படித்தது அவளுக்குத் தெரியும், தம்பி, அந்த நீலக் கோடு அவளுக்கும் வருகிறது. உள்ளே ஆள் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. உன் தோட்டக் கேம்காரர்கள் உனக்குச் செய்ததை நீ அப்படியே அவளுக்குச் செய்துகொண்டிருக்கிறாய்.

வீடு முடியட்டும் என்கிறாய். நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளை நீயே பார்த்தவன். தேயிலைத் தோட்டத்தில் நமக்கென்று துண்டு நிலம் கிடைத்து, சுவர் எழும்பி, தகரம் ஏறியிருந்தது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. நல்ல நாள் தப்பிவிடக் கூடாது என்று பால் காய்ச்சிவிட்டோம். வாசலுக்கு உன் அம்மாவின் சேலையைத் தொங்கவிட்டோம். மாவிலை இந்தக் குளிருக்கு ஏது, கினிகத்தேனைப் பக்கமிருந்து நான் வேனில் போட்டுக்கொண்டு வந்த தோரணத்தை, ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் முத்தையாவின் ஆடு சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து தின்றுவிட்டது. நம் தோட்டத்தில் பாதிப் பேர் இப்படித்தான் குடிபோனார்கள். கதவு வரட்டும் என்று இருந்தால் அந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவிலேயே கிழவனாகியிருப்பேன். அதற்காக எல்லாம் சுகமாக இருந்தது என்று உனக்குக் கதைவிட மாட்டேன். முதல் மழைக்கு ஜன்னல் ஓட்டையால் சாரல் அடித்து உன் அம்மாவைப் பிடித்த இருமல் மாசக் கணக்கில் விடவில்லை. நமக்குக் கீழே இரண்டு வீடு அரைகுறையாக அப்படியே நின்று, அதில் குடிவந்தவர்கள் திரும்ப லயத்துக்கே போய்விட்டார்கள். முடியாத வீட்டில் இருப்பது கஷ்டம்தான். ஆனால் உன் அம்மா தெரிந்து வந்தாள். எங்கே ஒழுகும், எங்கே கதவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தான் அவளைக் கூட்டி வந்தேன். இருமிக்கொண்டே திட்டினாள், ஆனால் ஏமாத்திட்டீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ இன்னும் ஒரு ஆளாக ஆகவில்லை என்றாயே, அதைக் கேட்டு எனக்கு மனசு வலித்தது. யாரடா உனக்கு அப்படிச் சொன்னது? காய்ச்சலோடு வேலைக்குப் போய் எனக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பியவன் ஆள் இல்லையா? உன் வயதில் நான் அடுத்தவன் வேனில் கிளீனராகத் தொங்கிக்கொண்டிருந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டபோது எனக்கு லைசன்ஸ்கூட இல்லை. எல்லாம் முடிந்து மினுக்கிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. என் பிள்ளையைப் பற்றி மட்டமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை, உனக்கும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவள் அம்மா கொழுக்கட்டை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உன் அம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். "நான் ஓட்டிப் பாக்கவா மாமா?" என்றாள். கொடுத்தேன். இரண்டு வளைவில் இடித்தாள், மூன்றாவதில் ஹோர்ன் அடிக்கப் பழகிவிட்டாள். பாலம் வந்தது, தாண்டினாள், ரோடு நின்றுவிட்டது. அந்தப் பாலத்துக்கு அப்பால் இன்னும் ரோடு போடவில்லை, தம்பி. பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது எப்ப வரும் மாமா?" என்றாள். "வந்தா வரும், வராட்டி இல்ல புள்ள. ஆனா மாசா மாசம் எங்க நிக்கிறோம்னு சொல்லிருவாங்க" என்றேன். "நல்லவங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் ஷோல் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதிரிச் சமாளித்து, "வீட்டு வேல கொஞ்சம் இழுக்குது புள்ள, அதான் அவன் மண்டை குழம்பிப் போய்" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "மாமா, சுவர் பூசலன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு இருக்கு, பாக்குறேன். வேல பெர்மனன்ட் இல்லன்னும் தெரியும். அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லலையே. இன்னும் ரெண்டு வருசம்னாலும் இருப்பேன். எனக்குத் தெரியாதது ஒண்ணுதான். நான் அவருக்கு இன்னும் வேணுமா, வேணாமா? வேணாம்னா அதையும் அவரு வாயால சொல்லட்டும். நான் எங்க வீட்டுல எத்தன நாளைக்குத்தான் மாமா, அவரு நேத்துக்கூட பேசுனாருன்னு பொய் சொல்றது?"

வெள்ளைக்காரனிடம் உடைந்த இங்கிலீஷில் நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். வளைவில் மறிக்கிற பொலிஸ்காரரைச் சிங்களத்தில் சிரிக்க வைத்து அனுப்புகிறவன். அந்தப் பிள்ளை முன்னால் தமிழிலேயே திக்கி, குசினிப் பக்கம் திரும்பி உன் அம்மாவைக் கூப்பிட்டேன். உன் அம்மா ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ரொட்டி கருகியது. கருகியதைத்தான் மூன்று பேரும் தின்றோம்.

அவள் வந்துபோன பிறகு நேற்று வந்ததுதான் உன் வொய்ஸ் மெசேஜ். அதனால் அவர்கள் வீட்டுக்குப் போய் நான் ஒன்றும் பேசப்போவதில்லை. தள்ளிப்போட வேண்டுமென்றால் போடலாம், தை இல்லாவிட்டால் வைகாசி, அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் அதை நான் போய்ச் சொன்னால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. அந்தக் கேள்வி சுவரைப் பற்றியது இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. என்ன பதில் என்று உன் மூஞ்சியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் எழுதாதே. அவளைக் கூப்பிடு. வீடு, வேலை எதுவுமே இன்னும் முடியவில்லை என்று சொல்லு. பயமாக இருக்கிறது என்றால் அதையும் சொல்லு. உன் குரலைக் கேட்டதும் அந்தப் பிள்ளை அழும். அழட்டும். நீ மட்டும் போனை வைத்துவிடாதே.

அப்பா